புதிய தொழிலாளர் சட்டம்: பேரணாம்பட்டு ஷூ அப்பர் யூனிட்டில் சம்பளப் பட்டியலை மாற்ற வேண்டுமா?

பேரணாம்பட்டில் 45 பேரை வைத்து ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கிறோம், பெரும்பாலும் பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி), என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய 29 சட்டங்களுக்குப் பதிலாக வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கின்றன. பட்டியலை மாற்றத்தான் வேண்டும்.

எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி), போக்குவரத்துப் படி, ஓவர்டைம், போனஸ் போன்றவை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஆகியவற்றுக்கு அடிப்படையான ஊதியக் கணக்கில் சேராது. ஆனால் இவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகிவிடும். சூப்பர்வைசருக்கு மாதம் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்: பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 12,000, எச்.ஆர்.ஏ. 12,000, போக்குவரத்து 6,000. படிகள் 18,000, பாதி 15,000. மிஞ்சும் 3,000 சேர்ந்து ஊதியம் 15,000 ஆகிறது. ஊதியத்தில் 12% ஆன பி.எஃப். 1,440 இனி 1,800. அவர் கையில் வாங்குவதில் 360 குறையும், உங்கள் பங்கும் 360 கூடும். ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்று பெயர் மாற்றிப் போட்டுத் தப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விலக்குப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை, முழுத் தொகையும் ஊதியம்தான்.

உண்மையான சுமை கிராஜுவிட்டியில் இருக்கிறது. கடைசியாக வாங்கிய ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடங்களால் பெருக்குகிறோம். அதே சூப்பர்வைசருக்குப் பத்து வருடத்துக்கு 69,231 வந்த இடத்தில் இப்போது 86,538. கழிந்துபோன வருடங்களுக்கும் சேர்த்தே ஏறுவதால், ஒவ்வொருவருக்கும் இன்றே கணக்குப் போட்டு அந்தப் பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு. வேலையை விடுவதற்கு முந்தைய மூன்று மாத ஊதியத்தின் சராசரியே அடிப்படை, ஓவர்டைம் தவிர்த்து. ஆகவே யார் எத்தனை ஜோடி தைத்தார் என்பதை ஆள்வாரியாக எழுதி, ஓவர்டைமைத் தனிப் பத்தியில் போடுங்கள். மேஸ்திரியின் நோட்டில் மட்டும் கணக்கு இருந்தால், பிறகு நீங்களும் எதையும் நிரூபிக்க முடியாது, தைத்த பெண்ணாலும் முடியாது. ஆர்டர் மந்தமான மாதங்களில் ஒருவரை நிறுத்தினால் அவருடைய சராசரி சரிந்துவிடும். இருபது வருட உழைப்புக்கான தொகை அதில் அடிபடும் என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

குறிப்பிட்ட காலத்துக்கென எடுத்த ஆட்கள் கிராஜுவிட்டிக்கு மற்றவர்களைப் போல ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு வருடமே போதும். வேலையை விட்டாலும் நீக்கினாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ‘அடுத்த ஏழாம் தேதி வந்து வாங்கிக்கோ’ என்பது செல்லாது.

நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். பழைய ஆட்களுக்குக் கொடுக்கச் சட்டம் தந்த அவகாசம் மூன்றே மாதம். விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே தமிழில் அடித்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இருபது பேருக்கு மேல் இருப்பதால் குறைதீர்ப்புக் குழுவும் வேண்டும். வேலையாட்களில் பெண்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ, அதற்குக் குறையாமல் குழுவிலும் இருக்க வேண்டும்.