விருந்தினர் தங்கும் வீட்டில் கணினிக் கோப்புகளைப் பூட்டி வைப்பது எப்படி?

கேள்வி: குலசேகரத்தில் வீட்டிலிருந்தபடியே ரப்பர் வியாபாரிகளுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். விண்டோஸ் 11 உள்ள மேசைக் கணினி ஹாலில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பம் துபாயிலிருந்தும் நாத்தனார் குடும்பம் திருவனந்தபுரத்திலிருந்தும் வந்து ஒரு வாரம் தங்குவார்கள். டிக்கெட் பிரின்ட் எடுக்கவும், பிள்ளைகள் விளையாடவும் கணினியைக் கேட்பார்கள், மறுக்க முடியாது. வாடிக்கையாளர்களின் கோப்புகளை டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, அதை மறைத்து வைத்திருக்கிறேன். இது போதுமா, அல்லது ஃபோல்டர் லாக் மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: போதாது. ஃபோல்டரை மறைப்பது, கதவைப் பூட்டாமல் அதன் முன்னால் திரையை இழுத்து விடுவதற்கு ஒப்பானது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேற்பகுதியில் உள்ள வியூ, அதில் ஷோ, அதில் ஹிடன் ஐட்டம்ஸ் என மூன்று சொடுக்குகளில் மறைந்தவை அனைத்தும் வெளியே வந்துவிடும். அந்த அளவுக்குத் தேடவும் தேவையில்லை. நீங்கள் நேற்றுத் திறந்த எக்ஸெல் கோப்பின் பெயர், எக்ஸெல்லைத் திறந்தவுடன் அண்மைக் கோப்புகளின் பட்டியலில் முதலாவதாக நிற்கும். அந்தப் பெயரில் வாடிக்கையாளரின் கடைப்பெயரும் நிதியாண்டும் இருக்குமானால், அவரை அறிந்த உறவினர் ஒருவருக்கு அதுவே போதுமான செய்தி.

உங்கள் தேவைக்குச் சரியான வழி, விருந்தினருக்கெனக் கணினியில் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, உங்கள் கணக்கைக் கடவுச்சொல்லால் பூட்டி வைப்பதாகும். இதற்குப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. விருந்தினர் கேட்டதும் கணினியைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும் சங்கடமும் இராது. யூஎஸ்பி வழியாக இணைத்த பிரின்டர் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவானது என்பதால், டிக்கெட் அச்சிடும் வேலையும் அங்கேயே முடிந்துவிடும்.

விண்டோஸின் பழைய பதிப்புகளில் இதற்கென்றே இருந்த கெஸ்ட் கணக்கு, விண்டோஸ் 10 முதல் நேரடிப் பயன்பாட்டில் இல்லை. ஆகவே செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்று, ஆட் அக்கவுண்ட் என்பதை அழுத்துங்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில், இந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்னும் பொருளுடைய வரியையும், அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரியையும் தேர்ந்தெடுத்தால் உள்ளூர்க் கணக்கு ஒன்று உருவாகும். கெஸ்ட் என்னும் பெயரை விண்டோஸ் ஏற்காது. ‘விருந்தினர்’ என்றோ ‘வீடு’ என்றோ பெயரிடலாம். கடவுச்சொல்லுக்கான கட்டத்தைக் காலியாகவே விடலாம். கணக்கின் வகை ஸ்டாண்டர்டு யூசர் என்றிருக்க வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாற்றிவிட்டால், உங்கள் ஃபோல்டரைத் திறக்கும் உரிமையை அந்தக் கணக்கே எடுத்துக்கொள்ள முடியும் என்பதால், செய்த வேலை அனைத்தும் வீணாகும். புதிய கணக்கில் முதன்முறை நுழையும்போது சில நிமிடங்கள் எடுக்கும் என்பதால், விருந்தினர் வருவதற்கு முந்தைய நாளே ஒருமுறை நுழைந்து பார்த்து வையுங்கள்.

உங்கள் அமைப்பில் நான் மிகவும் கவலைப்படுவது டி டிரைவைப் பற்றியே. நம் ஊர்க் கடைகளில் கணினி வாங்கும்போது வட்டை சி, டி எனப் பிரித்துத் தருவதும், விண்டோஸ் கெட்டுப்போனாலும் கோப்புகள் தப்பிக்கட்டும் என்று எல்லாவற்றையும் டி டிரைவில் போடச் சொல்வதும் வழக்கம். அந்த நோக்கம் நல்லதுதான். ஆனால் விண்டோஸ் ஒரு கணக்கைப் பிறர் பார்வையிலிருந்து தானாகக் காப்பது, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அந்தக் கணக்கின் பெயரில் உள்ள பகுதியை மட்டுமே. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவை வழக்கமாக அதில் அடங்கும். டி டிரைவோ இயல்புநிலையில் அக்கணினியின் எல்லாக் கணக்குகளுக்கும் திறந்தே கிடக்கும். விருந்தினர் கணக்கில் இருப்பவர் அங்குள்ள கோப்புகளைப் படிப்பதோடு நில்லாமல், மாற்றவும் அழிக்கவும்கூட இயலும். சி டிரைவிலேயே நேரடியாக உருவாக்கிய ஃபோல்டருக்கும் இதே நிலைதான். தனிக் கணக்கு உருவாக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு எளிய தீர்வு, வாடிக்கையாளர் ஃபோல்டரை முழுவதுமாக உங்கள் கணக்கின் டாக்குமென்ட்ஸுக்குள் நகர்த்திவிடுவது. சில கடைகளில் டாக்குமென்ட்ஸையே டி டிரைவுக்குத் திருப்பி வைத்திருப்பார்கள்; அதன் மீது வலது சொடுக்கி, ப்ராபர்ட்டீஸில் லொகேஷன் என்னும் பகுதியைப் பார்த்து, அது சி டிரைவின் யூசர்ஸுக்குள்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சி டிரைவில் இடம் போதாவிட்டால், டி டிரைவில் உள்ள அந்த ஒரு ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று சென்று, முதலில் உங்கள் கணக்கின் பெயரைச் சேர்த்து முழு உரிமை கொடுங்கள். பிறகு டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்பதை அழுத்தி, இருக்கும் உரிமைகளை அப்படியே வைத்துக்கொள்ளும் தெரிவை ஏற்று, பட்டியலிலிருந்து யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் ஆகிய இரண்டையும் நீக்குங்கள். உங்கள் பெயரைச் சேர்க்காமல் அவற்றை நீக்கினால், உங்களையே விண்டோஸ் வாசலில் நிறுத்திவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பென் டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட் 32 அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருப்பதால், அவற்றில் இத்தகைய உரிமைக் கட்டுப்பாடே கிடையாது. அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதே எளிய வழி.

டேலி என்னும் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். டேலி பிரைமின் தரவுகள் பல கணினிகளில் யூசர்ஸுக்குள் இருந்தாலும், எல்லோருக்கும் பொதுவான பப்ளிக் ஃபோல்டரில்தான் இருக்கும். அங்கே டேலி வால்ட் கடவுச்சொல் வைத்தால் நிறுவனத்தின் தரவு முழுவதும் மறையாக்கம் செய்யப்படும், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்படும். பட்டியலில் நிறுவனத்தின் பெயர்கூட நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை.

இவ்வளவும் செய்தபின், விருந்தினர் கணக்கில் நீங்களே நுழைந்து, உங்கள் ஃபோல்டரைத் திறக்க முயன்று பாருங்கள். அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வந்து, தொடர்ந்தால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்க வேண்டும். கேட்காமல் திறந்துவிட்டால் எங்கோ ஒரு படி விடுபட்டிருக்கிறது. பூட்டிவிட்டோம் என்று நம்புவதற்கு இந்தச் சோதனையைத் தவிர வேறெதையும் நான் ஆதாரமாக ஏற்பதில்லை.

உங்கள் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் கேள்விக்குரியதே. கடையில் விண்டோஸ் நிறுவித் தரும்போது கடவுச்சொல் இல்லாத ஒரே நிர்வாகிக் கணக்கோடு தருவதும், திறந்தவுடன் நேராக உள்ளே செல்லும்படி அமைத்துவிடுவதும் உண்டு. அப்படி இருந்தால், மின்சாரம் போய் வந்த பிறகு யார் பொத்தானை அழுத்தினாலும் உங்கள் கணக்கே திறக்கும். பின் எண்ணாக உங்கள் பிறந்த ஆண்டையோ, கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ வைக்க வேண்டாம். வருபவர்கள் அனைவரும் அவற்றை அறிந்த சொந்தக்காரர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த எண் தெரிந்திருந்தால், அது அவர்களுடைய அத்தை பிள்ளைகளுக்கும் மாமா பிள்ளைகளுக்கும் தெரிந்ததாகவே கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு கொடுப்பது நல்லது. அடுப்பில் இருப்பதைக் கவனிக்க எழுந்தாலும், விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுச் செல்லும் பழக்கம், நான் இங்கு எழுதும் வேறு எதைவிடவும் அதிகம் உதவும்.

இரண்டு நிமிட வேலைதானே என்று உங்கள் கணக்கிலேயே க்ரோமின் கெஸ்ட் விண்டோவைத் திறந்து கொடுப்பவர்கள் உண்டு. அது உங்கள் ஜிமெயிலையும் சேமித்த கடவுச்சொற்களையும் மறைக்கும். ஆனால் ஏதாவது ஒரு தளத்தில் கோப்பை இணைக்கும் பொத்தானை அழுத்தினால், உங்கள் கோப்புகள் முழுவதும் அந்தப் பெட்டியில் வரிசையாகத் தெரியும். பக்கத்தில் நீங்கள் அமர்ந்திருந்தால் மட்டும் அதைக் கொடுக்கலாம்.

ஃபோல்டர் லாக் மென்பொருள் வாங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. அவற்றுள் சில கோப்புகளை வெறுமனே மறைத்துவிட்டுப் பூட்டியதாகச் சொல்கின்றன. நிறுவனம் மூடப்பட்டாலோ, விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டு மென்பொருள் இயங்காமல் போனாலோ, உங்கள் கோப்புகளே உங்களுக்குக் கிடைக்காமல் போகும் நிலை ஏற்படலாம். ஒருசில கோப்புகளை மட்டும் பூட்ட வேண்டுமானால், எக்ஸெல்லிலும் வேர்டிலும் ஃபைல், இன்ஃபோ என்ற வழியில் கிடைக்கும் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு வசதியே போதுமானது. எக்ஸெல்லில் உள்ள ப்ரொடெக்ட் ஷீட் என்பது திருத்துவதைத் தடுப்பதே அன்றிப் படிப்பதைத் தடுப்பதன்று. இ-ஆதார் பிடிஎஃப் ஏற்கெனவே கடவுச்சொல்லோடுதானே வருகிறது என்று அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அந்தக் கடவுச்சொல் என்பதால், அந்த வாடிக்கையாளரை அறிந்த எவரும் அதை ஊகித்துவிடலாம்.

கணக்கின் கடவுச்சொல் தடுக்காத ஒரு வழியும் இருக்கிறது. பென் டிரைவில் உள்ள லினக்ஸ் என்னும் வேறொரு இயங்குதளத்தைக் கொண்டு கணினியை இயக்கினால், மறையாக்கம் செய்யப்படாத வட்டில் உள்ள அனைத்தையும் விண்டோஸின் பூட்டு எதுவும் குறுக்கிடாமல் படிக்க முடியும். உறவினர் யாரும் அந்த அளவுக்குச் செல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆயினும் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும், அது திருட்டுப்போனாலும் இதே கேள்வி எழும். விண்டோஸ் ஹோம் பதிப்பில், கணினி அதற்கு ஏற்றதாக இருந்தால், செட்டிங்ஸின் பிரைவசி அண்டு செக்யூரிட்டியில், வட்டை மறையாக்கம் செய்யும் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கும். புரோ பதிப்பில் அதே வேலைக்குப் பிட்லாக்கர் இருக்கும். இரண்டும் இல்லையெனில் வெராகிரிப்ட் என்னும் இலவச மென்பொருளால் கடவுச்சொல்லோடு கூடிய பெட்டகம் போன்ற ஒரு கோப்பை உருவாக்கி, வாடிக்கையாளர் ஆவணங்களை அதற்குள் வைக்கலாம். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை அச்சிட்டு, நிலப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்; அது தொலைந்தால் சில சமயம் உங்கள் வட்டே உங்களுக்குத் திறக்காமல் போகக்கூடும்.

பிறர் கணினியிலிருந்து அனுமதியின்றித் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டுக்குரியது. ஆனால் அண்ணன் மகன்மீது யார் புகார் கொடுக்கப் போகிறார்கள்? தம் பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் உங்களை நம்பி ஒப்படைத்தவர்களுக்கு நீங்கள் தரக்கூடிய பாதுகாப்பு, முன்கூட்டியே பூட்டி வைப்பதுதான்.

எட்டிப் பார்ப்பதைவிட அதிகம் நடப்பது, சிறு பிள்ளைகள் அறியாமல் அழித்துவிடுவதும் இடம் மாற்றிவிடுவதும். கிறிஸ்துமஸ் வாரம் உங்களுக்கு மிக நெருக்கடியான வாரமும் ஆகும்; ஜிஎஸ்டி ஆண்டு அறிக்கையான ஜிஎஸ்டிஆர் 9-க்குச் சட்டப்படி கடைசி நாள் டிசம்பர் 31. எனவே விருந்தினர் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து, கணினியிலிருந்து அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள்.

வைஃபை கடவுச்சொல்லையும் நிச்சயம் கேட்பார்கள். உங்கள் ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் அதை இயக்கி, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்; இல்லையெனில், அதே வைஃபையில் உள்ள பிற கருவிகளுக்கு உங்கள் கணினி தெரியாதபடி, அதன் நெட்வொர்க் அமைப்பைப் பப்ளிக் என்று மாற்றி வையுங்கள்.

விருந்தினர் சென்றபின், உங்கள் கைபேசி வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைப் பார்த்து, அறியாத இணைப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள். அவர்கள் கணக்கை அடுத்த ஆண்டுக்கும் அப்படியே வைத்திருக்கலாம். நீக்க விரும்பினால், அதனுடன் அதிலுள்ள கோப்புகளும் அழிந்துவிடும் என்பதால், பிள்ளைகள் அங்கே ஏற்றி வைத்த கிறிஸ்துமஸ் படங்கள் ஏதேனும் இருக்கின்றனவா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டு நீக்குங்கள்.