கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டரை வீட்டிலேயே சுத்தம் செய்து எண்ணெய் போடலாமா?

கேள்வி இதுதான்: காருக்கு, கழுவித் திரும்பப் போடும் காட்டன் ஏர் ஃபில்டர் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. பெட்ரோலில் முக்கி எடு என்கிறார் ஒருவர், சோப்புத் தண்ணீர் போதும் என்கிறார் இன்னொருவர். எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை? மைலேஜ் கூடுமா?

வீட்டிலேயே செய்யலாம். ஆனால் முதல் தடவை நான் சொதப்பிய கதையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நான் தக்கலைக்காரன். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கணக்கு பார்க்கிறேன். சூளை மண், சாலை நெடுக எம்-சாண்ட் லாரிகள், போதாததற்கு முப்பந்தல் கணவாய் வழியாக வரும் காற்று. என் பழைய டீசல் கார் தினமும் தின்னும் தூசிக்குக் கணக்கே கிடையாது. காகித ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறதே என்று காட்டன் ஃபில்டர் போட்டேன். முதல் வருஷம் முடிந்ததும் ஒரு ஜூன் மாதம் கழற்றிக் கழுவினேன். நம்ம ஊர் ஜூன் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. சாரல் விடவே இல்லை. துணியே மூன்று நாள் காயாத வீட்டில் ஃபில்டர் எங்கே காயும்? இரண்டாம் நாள் மாலை தொட்டுப் பார்த்தேன், காய்ந்தது போலத்தான் இருந்தது. எண்ணெயைப் போட்டேன். ஈரம் இருந்த இடத்தில் எண்ணெய் ஏறவில்லை, அங்கங்கே வெள்ளைத் திட்டு. 'பற்றவில்லை போலிருக்கிறது' என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றி, பாட்டிலில் முக்கால்வாசியைத் தீர்த்துவிட்டேன்.

நாலாம் நாள் நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டிக்கு இழுவையே இல்லை. செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டால் பி 0101 என்ற கோளாறு எண். ஃபில்டர் உட்காரும் ஏர் பாக்ஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிய மெக்கானிக் அண்ணன், உள்ளே சிவப்பாக ஒட்டியிருந்த எண்ணெயை விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "என்ன மக்கா, ஃபில்டருக்குத் தீபாவளிக் குளி குளிப்பாட்டுன மாதிரில்லா இருக்கு!"

நடந்தது என்னவென்றால், ஃபில்டருக்கு அடுத்தாற்போல, உள்ளே போகும் காற்றை அளக்கும் மேஃப் சென்சார் இருக்கிறது. சின்னதாக ஒரு சூடான கம்பி அல்லது தகடு. காற்று எவ்வளவு போகிறதோ அவ்வளவு அது குளிரும். அதை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் காற்றின் அளவைக் கணக்கிடும். அதன்மேல் எண்ணெய் படிந்து, எண்ணெயில் தூசியும் ஒட்டினால் கம்பி ஒழுங்காகக் குளிராது. காற்று குறைவாக வருகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். டீசல் வண்டியில், காற்று இல்லாமல் டீசல் போனால் புகை தள்ளும் என்பதற்காக டீசலையும் குறைத்துவிடும். இழுவை போனதற்குக் காரணம் அதுதான். சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடித்து, ஃபில்டரை மறுபடி கழுவிப் போட்டதும் சரியாகிவிட்டது. அந்தக் கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடவே கூடாது. எல்லா காரிலும் இந்தச் சென்சார் இருக்காது. பல பெட்ரோல் கார்களில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். உங்கள் வண்டியில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தொல்லை தரும் எண்ணெய் எதற்கு என்றால், இந்த ஃபில்டரில் இருப்பது கம்பி வலைக்கு நடுவே மடித்து வைத்த நாலைந்து அடுக்குப் பருத்தி வலைத்துணி. அதன் கண்கள் காகிதத்தைவிடப் பெரியவை. வெறும் துணியாக இருந்தால் நம்ம செங்கல் பொடி நேராக எஞ்சினுக்குள் போய்விடும். எண்ணெயின் பிசுபிசுப்புதான் தூசியைப் பிடிக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களில் ஓடிய பழைய டிராக்டர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அவற்றின் ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும், காற்று அதில் மோதித்தான் மேலே ஏறும். நாள்பட்டால் அடியில் சேறு மாதிரி படிந்திருக்கும். ஆக, எண்ணெய் போடாமல் ஓட்டுவதும் தப்பு, அளவுக்கு மேல் ஊற்றி ஓட்டுவதும் தப்பு.

சரி, கழுவும் விஷயம். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். ஓரத்து ரப்பர் ஊதிப்போகும், பசை விட்டுப்போகும். பாத்திரம் கழுவும் சோப்பில் நானும் ஒருமுறை முயன்றேன். பழைய எண்ணெய் முழுசாகப் போகாமல் மூன்று முறை கழுவ வேண்டி வந்தது. அந்த ஃபில்டருக்கென்றே விற்கும் கிளீனரை வாங்குவதுதான் புத்தி. மேல் தூசியை மெல்லத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் அடித்து, பத்து நிமிஷம் ஊற விடுங்கள். கிளீனரைத் துணியிலேயே காய விட்டுவிடக் கூடாது. அப்புறம் எஞ்சினைப் பார்த்திருக்கும் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும். மாற்றி விட்டால் அழுக்கு துணிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். குழாய்த் தண்ணீரின் வேகமே போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் காட்டினால் துணி கிழியும். பஞ்சர் கடையில் காகித ஃபில்டருக்குக் காற்றடிக்கும் பழக்கத்தில் இதற்கும் அடித்துவிடாதீர்கள். ஹேர் டிரையரும் ஆகாது. குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

காய்வதற்கு நிழலும் காற்றும் போதும். ஆரல்வாய்மொழியில் சூளைக் கொட்டகையில் தொங்க விட்டால் மதியத்துக்குள் காய்கிறது. தக்கலையில் அதே ஃபில்டருக்கு ஒரு நாள் முழுசாக வேண்டும். இரண்டு மழைக்காலமும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன், ஜூலையிலும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும் இந்த வேலையைத் தொடாதீர்கள். நான் இப்போது தை, மாசியில்தான் கழுவுகிறேன்.

எண்ணெயும் ஃபில்டருக்கென்று விற்கும் சிவப்பு எண்ணெய்தான். எஞ்சின் ஆயில் துணியில் நிற்காமல் இறங்கிவிடும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று என்னிடமே ஒருவர் கேட்டார். நம்ம ஊரில் வேறென்ன கேட்பார்கள்! மார்கழிக் குளிரில் உறையும், நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும், வேண்டாம். ஒவ்வொரு மடிப்பின் உச்சியிலும் ஒரே ஒரு கோடு இழுத்தது போல விடுங்கள். இருபது நிமிஷம் பொறுத்தால் துணி தானாக உறிஞ்சிப் பரப்பிக்கொள்ளும். பிறகும் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தொட்டு வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பு வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். நான் ராத்திரி முழுக்க ஒரு பழைய நாளிதழின் மேல் வைத்துவிடுவேன். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் அதிகம் என்று அர்த்தம். கறையே விழாத வரை தாளை மாற்றி மாற்றி வைப்பேன்.

திரும்பப் போடுவதற்கு முன் ஏர் பாக்ஸை ஈரத்துணியால் துடையுங்கள். தூசி ஹோஸுக்குள் விழாமல் இருக்க அதன் திறந்த முனையில் ஒரு துணியை அடைத்துக்கொள்ளலாம், பிறகு அதை மறக்காமல் எடுக்க வேண்டும். நான் நல்ல சிவப்புத் துணியாகப் பார்த்து வைக்கிறேன், காரணம் கேட்காதீர்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? கே அண்ட் என் போன்ற கம்பெனிகள் நல்ல நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 80,000 கிலோமீட்டர் வரை சொல்கின்றன. மார்த்தாண்டம் வழியாகக் கல் லாரிகளுக்குப் பின்னால் போகிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அழுக்குப் பக்கத்தைப் பாருங்கள்: கம்பி வலை எல்லா இடத்திலும் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் ஓடலாம், தூசியில் மூடிவிட்டால் கழுவுங்கள். எனக்கு இது வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. கொஞ்சம் அழுக்கான ஃபில்டர் தூசியை இன்னும் நன்றாகவே பிடிக்கும், அதனால் மாதா மாதம் திறந்து பார்ப்பது வீண்.

மைலேஜ் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட சோதனையில், அடைத்த ஃபில்டரை மாற்றியபோதும் இன்றைய ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் மைலேஜ் மாறவில்லை. பிக்கப், அதாவது வேகம் பிடிப்பது, மட்டும் 6 முதல் 11 சதவீதம் மேம்பட்டது.

இன்னொன்று, எண்ணெயே போடக் கூடாத டிரை வகை ஃபில்டர்களும் கழுவிப் பயன்படுத்துபவைதான். டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணெய் பாட்டிலைத் திறங்கள். காய்வதற்குள் வண்டி தேவைப்பட்டால் ஃபில்டர் இல்லாமல் கடைத்தெரு வரைகூட ஓட்டாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் காகித ஃபில்டர் கிடைக்கிறது; என் வண்டி டிக்கியில் ஒன்று எப்போதும் கிடக்கும்.