வில்னாவின் அலுவலகக் கோப்புகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வில்னா நகரில் இருந்த யிவோ என்ற யூத ஆய்வு நிறுவனம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நாஜிகள் யூதர்களைப் பூட்டிவைத்த கெட்டோ என்ற பகுதியில் அடைபட்டவர்கள் உயிரைப் பணயம் வைத்து நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் கடத்திக் காப்பாற்றிய பகுதி மனதை விட்டு அகலவில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் சொந்த அலுவலகக் கோப்புகள் தப்பியதே எல்லாவற்றிலும் பெரிய விஷயம் என்று முடித்திருந்தீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. யூத தேசிய இயக்கத் தலைவர் ஹெர்ஸலின் நாட்குறிப்பு தப்பியது பெரிது; எழுத்தாளர் ஷோலெம் அலெய்க்கெமின் கடிதம் தப்பியது பெரிது. ரசீதும் வரவு செலவும் கூட்டக் குறிப்பும் எந்த நிறுவனத்திலும் மலைபோல் கிடப்பவைதானே? நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இடநெருக்கடி வந்தால் முதலில் பழைய அலுவலகக் கோப்புகளைத்தான் கழிப்போம். அதில் தவறு இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்ட பிறகு மூலத் தாள்களுக்காக இவ்வளவு செலவு செய்வது எதற்கு?

வே.ரா.,
திருநெல்வேலி

அன்புள்ள வே.ரா.,

நீங்கள் நூலகத்தில் இருந்தவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடநெருக்கடி வந்தால் எது முதலில் வெளியே போகும் என்று சொல்லியிருக்கிறீர்கள். உலகம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது. நூலுக்காக வாதாட வாசகர் இருக்கிறார், ஓலைக்காகவும் கையெழுத்துப் பிரதிக்காகவும் வாதாட ஆய்வாளர் இருக்கிறார். அலுவலகக் கோப்புக்கு அப்படி யாரும் இல்லை. அதை எழுதிய குமாஸ்தாவே அது முக்கியம் என்று நினைத்திருக்க மாட்டார்.

யிவோவின் சேகரிப்பு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1925இல், நோகெம் ஷ்டிஃப் எழுதிய திட்டக் குறிப்பொன்றின் அடிப்படையில், இத்திஷ் என்ற யூத மொழியைப் பேசும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வாழ்க்கையை ஆராய அது தொடங்கப்பட்டது. வில்னா அன்று போலந்தில் இருந்தது. இன்று லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸ். நிறுவனத்தின் உயிர்நாடியாக இருந்தவர் மொழியியலாளர் மாக்ஸ் வைன்ரைக். ஐன்ஸ்டைனும் ஃப்ராய்டும் கௌரவப் பொறுப்பில் பெயர் கொடுத்திருந்தார்கள். பெயர்கள் பெரியவை, ஆனால் கையில் காசு இல்லை. எந்த அரசும் அதைத் தன் நிறுவனமாகக் கருதித் தாங்கவில்லை. பல நாடுகளில் சிதறிக் கிடந்த சாதாரண மனிதர்களின் நன்கொடையில்தான் அது நடந்தது, கட்டடம் எழுந்தது. அந்தக் கட்டடத்தின் நுழைவாயிலில் ஒரு பெரிய உலக வரைபடம் இருந்தது. கிளைகளும் ஆதரவாளர் குழுக்களும் எந்தெந்த ஊர்களில் இருக்கின்றன என்று அதில் குறித்திருந்தார்கள்.

அரிய சுவடிகளை விலைக்கு வாங்கிச் சேர்க்க இப்படிப்பட்ட நிறுவனத்தால் முடியுமா? அது மக்களிடம் கேட்டது. சாம்லர்கள் என்று அழைக்கப்பட்ட தன்னார்வச் சேகரிப்பாளர்கள் சிற்றூர்களில் பழமொழிகளையும் பாடல்களையும் கதைகளையும் நம்பிக்கைகளையும் எழுதி அனுப்பினார்கள். நாடகச் சுவரொட்டியும் தேர்தல் துண்டறிக்கையும் சங்க அறிவிப்பும் வந்தன. அனுப்பியவர்களில் பலர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். வில்னாவிலிருந்து அவர்களுக்குக் கேள்விப் பட்டியல்கள் போயின. எப்படிக் கேட்க வேண்டும், சொன்னவரின் பேச்சை மாற்றாமல் எப்படி எழுத வேண்டும் என்ற அறிவுரைகளும் போயின.

இப்போது ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனித் தாளாகக் கிடைத்தால் ஒரு பாடல், அவ்வளவுதான். எந்த ஊரில் கேட்டது, அனுப்பியவர் யார், நிறுவனம் என்ன கேட்டதால் அதை அனுப்பினார், பதிலுக்கு என்ன எழுதினார்கள் என்பவை கடிதக் கோப்பில் இருக்கின்றன. கோப்பைக் கழித்துவிட்டால் பாடல் ஊரை இழந்துவிடும், அதைத் தேடி எழுதியவரையும் இழந்துவிடும். அந்த ஊர்களில் மிகப் பல 1941க்கும் 1944க்கும் இடையில் யூதர்களே இல்லாத ஊர்களாக ஆக்கப்பட்டன. ஒரு சாம்லர் உயிரோடு இருந்தார், இன்ன தெருவில் இருந்தார், இன்ன தேதியில் ஒரு கட்டு அனுப்பினார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சான்று, பெற்றுக்கொண்டோம் என்று அலுவலகம் எழுதிய கடிதத்தின் நகலாக இருக்கக்கூடும். ரசீதுகள் எங்கும் மலைபோல் கிடப்பவை என்று எழுதியிருந்தீர்கள். இந்த ரசீதை என்ன செய்வீர்கள்?

இன்னும் தெளிவான உதாரணம் இளைஞர்களின் தன்வரலாறுகள். 1932, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் யிவோ போட்டி வைத்தது. 16 முதல் 22 வயது வரை உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதி அனுப்ப வேண்டும். 600க்கும் மேற்பட்டவை வந்தன. முந்நூறுக்கும் மேற்பட்டவை இன்று கைவசம் இருக்கின்றன. போருக்கு முந்தைய யூத இளைஞர்களின் மனதை அறிய இவற்றுக்கு இணையான ஆவணம் இல்லை. ஆனால் இவற்றை வாசிக்கிற எவரும் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்லி எழுதச் சொன்னார்கள் என்பது. குறைந்தது 25 பக்கம் எழுதுங்கள், உண்மையாகவும் விரிவாகவும் எழுதுங்கள், விரும்பினால் புனைபெயரில் எழுதுங்கள் என்று போட்டி அறிவிப்பு சொன்னது. ஒரு பையன் தன் தந்தையோடு போட்ட சண்டையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்றால், அது அவன் இயல்பா, அறிவிப்பில் குடும்பத்தைப் பற்றி எழுதக் கேட்டிருந்ததா என்று தெரியாமல் எப்படி முடிவுக்கு வருவது? அந்த அறிவிப்பும் அதைச் சார்ந்த கடிதப் போக்குவரத்தும் அலுவலகக் கோப்புகள்தான். 1939 போட்டியின் முடிவு அறிவிக்கப்பட இருந்த நாள் செப்டம்பர் 1. அன்றுதான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது.

வைன்ரைக் அப்போது ஒரு மொழியியல் மாநாட்டுக்காக வெளிநாட்டில் இருந்தார். திரும்ப முடியவில்லை. 1940இல் நியூயார்க் வந்தார். யிவோவின் தலைமையகமும் அங்கே மாறியது. இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

1941 ஜூனில் வில்னா ஜெர்மானியர் கைக்குப் போனது. நாஜித் தலைவர் ரோசன்பர்க்கின் கொள்ளைப் பிரிவு யிவோ கட்டடத்தையே தரம்பிரிக்கும் கிடங்காக ஆக்கிக்கொண்டது. ஏறக்குறைய 30 சதவீதம் பிராங்க்பர்ட்டில் இருந்த நாஜி ஆய்வு நிறுவனத்துக்கு, மிச்சம் காகித ஆலைக்கு என்பது கணக்கு. அந்த வேலைக்குக் கெட்டோவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களைத்தான் காகிதப் படை என்கிறோம். கவிஞர்களான ஆபிரகாம் சுட்ஸ்கெவரும் ஷ்மெர்க்கே காச்சர்கின்ஸ்கியும், நூலகர் ஹெர்மன் க்ருக்கும், யிவோவின் இயக்குநர்களில் ஒருவராக இருந்த ஸெலிக் கல்மனோவிச்சும் அதில் இருந்தார்கள். உடைக்குள் தாள்களை மறைத்துக் கெட்டோ வாயிலைக் கடந்ததைக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அங்கே எழுதாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கல்மனோவிச்சின் கருத்து வேறாக இருந்தது. முடிந்தவரை அதிகமாக ஜெர்மனிக்கே அனுப்பிவிடலாம், அவர்கள் போரில் தோற்பார்கள், அங்கே போனவை பின்னால் கண்டெடுக்கப்படும் என்று அவர் வாதிட்டார். தன் நிறுவனத்தின் காகிதங்களை எதிரியின் கிடங்குக்கு அனுப்பச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எஸ்தோனிய முகாமில் அவர் இறந்துபோனார். அவர் கணிப்பு பலித்தது.

க்ருக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கெட்டோவுக்குள் ஸ்ட்ராஷுன் தெருவில் இருந்த நூலகத்தை அவர் நடத்தினார். நகரத்துக்கு வெளியே பொனாரியில் ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த நிலையிலும் எத்தனை பேர் வந்தார்கள், எந்த வகை நூலை எடுத்தார்கள் என்று கணக்கு வைத்தார். முதல் ஆண்டு முடிந்ததும் அறிக்கை எழுதினார். 1942 டிசம்பரில், ஒரு லட்சமாவது நூல் இரவல் தரப்பட்டதை விழாவாகக் கொண்டாடினார்கள். நூலகத்தின் ஆண்டறிக்கை என்பது நீங்களும் தயாரித்திருக்கக்கூடிய ஆவணம்தான். உலகில் எழுதப்பட்ட நூலக அறிக்கைகளில் நான் எழுந்து நின்று வாசிக்க விரும்புவது அந்த ஒன்றைத்தான். க்ருக் தன் கடைசிக் குறிப்புகளை எஸ்தோனியாவின் லாகெடி முகாமில் மண்ணில் புதைத்தார். மறுநாள், 1944 செப்டம்பர் 18 அன்று, கொல்லப்பட்டார்.

போர் முடிந்தது. ஜெர்மனிக்குப் போனவை அமெரிக்க ராணுவத்தின் கையில் சிக்கி ஆஃபன்பாக் கிடங்கில் குவிந்தன. கொள்ளை போன பொருள் எந்த நாட்டிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த நாட்டுக்கே திரும்ப வேண்டும் என்பது பொது விதி. வில்னாவோ அப்போது சோவியத் ஒன்றியத்துக்குள் போய்விட்டது. இது ஒரு நாட்டின் சொத்தல்ல, உயிரோடு இருக்கும் ஒரு நிறுவனத்தின் சொத்து என்று வைன்ரைக் நியூயார்க்கிலிருந்து விடாமல் வாதாடினார். ஆஃபன்பாக்கில் முத்திரைகளையும் உடைமைச் சீட்டுகளையும் படம் எடுத்து ஒப்பிட்டுத்தான் எந்த நூல் யாருடையது என்று பிரித்தார்கள். 1947இல் 420 பெட்டிகள் நியூயார்க் போய்ச் சேர்ந்தன. ஒரு நிறுவனம் நேற்று இருந்தது, இடம் மாறியது, இன்றும் அதேதான் என்று காட்டுவதற்கு என்ன வேண்டும், வே.ரா.? முத்திரையும் பதிவேடும் தலைமையகத்தை மாற்றிய முடிவும் கடிதத் தொடர்ச்சியும் வேண்டும். அரிய பிரதிகளின் மீது உரிமை கொண்டாட அலுவலகக் காகிதம்தான் கைகொடுக்கும்.

வில்னாவில் ஒளித்து வைக்கப்பட்டவற்றின் கதை வேறு. கெட்டோவிலிருந்து தப்பிய சுட்ஸ்கெவரும் காச்சர்கின்ஸ்கியும் 1944இல் திரும்பிவந்து, மிஞ்சியதைத் தோண்டி எடுத்து, ஒரு யூத அருங்காட்சியகம் தொடங்கினார்கள். சோவியத் அரசு 1949இல் அதை மூடியது. தாள்கள் லாரியில் ஏறி, புனித ஜார்ஜ் தேவாலயத்தில் இயங்கிய லிதுவேனிய நூல் பதிவகத்துக்குப் போயின. அதன் இயக்குநர் அந்தானஸ் உல்பிஸ் அவற்றை அழிக்காமல் மற்றக் காகிதங்களுக்கு நடுவே மறைத்து வைத்தார். 1981இல் அவர் இறக்கும்வரை வெளியே சொல்ல முடியவில்லை. 1980களின் இறுதியில்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. 2017இல் இன்னும் ஏறக்குறைய 1,70,000 பக்கங்கள் இருப்பது அறிவிக்கப்பட்டது. அதில் வில்னாவின் தண்ணீர் சுமப்பவர்களின் சங்கம் ஒரு வேதப் பாடசாலையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இருந்தது. அவர்கள் தோரா என்ற யூத வேதச் சுருள் ஒன்றைக் கொடுப்பார்கள், பாடசாலை அவர்கள் தொழுவதற்கு ஓர் அறை கொடுக்கும். செய்தித்தாள்கள் சுட்ஸ்கெவரின் கவிதை நோட்டுகளைப் பற்றித்தான் அதிகம் எழுதின. என்னை நிறுத்தியது இந்த ஒப்பந்தம். தண்ணீர் சுமந்தவர்கள் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் ஓர் அமைப்பாக இருந்தார்கள், அந்த அமைப்பு ஒரு காகிதத்தை விட்டுச் சென்றது. அதன் வழியாகத்தான் அவர்கள் நம்மிடம் வருகிறார்கள்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். தாள்கள் இரண்டு நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன. அலுவலகக் கோப்புகளிலும் ஒரு பங்கு நியூயார்க்கில், ஒரு பங்கு வில்னியஸில். லிதுவேனியா தன் பங்கைத் தேசியச் செல்வமாகக் கருதுகிறது, யிவோ தன் உடைமையாகக் கருதுகிறது. இரண்டையும் படமெடுத்து ஒரே இடத்தில் இணையத்தில் சேர்க்கும் திட்டம் 2015இல் தொடங்கி 2022இல் முடிந்தது. ஏழு ஆண்டுகள், 70 லட்சம் டாலர், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். பிரிந்த கோப்பு படத்திலாவது ஒன்றாகிவிட்டது. இதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் படம் எடுத்தவுடன் தாளை விட்டுவிடலாம் என்பதை ஏற்க மாட்டேன். முன்பக்க எழுத்துக்குப் பின்னால் பென்சிலில் போட்ட எண், ஒரு தாளை இன்னொன்றோடு பிணைத்த ஊசியின் தடம், நீர்க்கறை ஆகியவற்றை வைத்துத்தான் குலைந்த கோப்பின் பழைய வரிசையை மீட்கிறார்கள். படமெடுத்தவர் அவசியமில்லை என்று விட்டது நமக்கு நாளை அவசியமாகலாம். அந்தக் காலத்து மலிவுக் காகிதம் அமிலம் ஏறி நொறுங்குவது. குளிர்ந்த, ஈரம் மட்டுப்பட்ட அறையும் அமிலமற்ற உறையும் இல்லாவிட்டால் அது தாங்காது. செலவு அங்கேதான் போகிறது.

ஆட்களுக்கும் போக வேண்டும். 2020 ஜனவரியில் பணப்பற்றாக்குறையைக் காட்டி யிவோ தன் நூலகர்கள் நால்வரையும் வேலையிலிருந்து நிறுத்தியது. ஆய்வாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் பக்கம்தான் நான். எந்தக் கடிதம் எந்தப் பெட்டிக்கு உறவு என்று அறிந்த மனிதரை இழந்துவிட்டு, பெட்டியை மட்டும் காப்பாற்றினோம் என்று சொல்ல முடியாது. நீங்கள் நூலகத்தில் வாழ்ந்தவர், இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் பணியாற்றிய நூலகத்தில் இன்னும் கோப்புகள் மிஞ்சியிருந்தால், நன்கொடைப் பதிவேட்டையும் நூல் வரவுப் பதிவேட்டையும் நூலகக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் கழிக்க வேண்டாம் என்று இப்போதிருப்பவர்களிடம் சொல்லுங்கள். மின்கட்டண ரசீதுகளைக் கழிக்கலாம், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. எதைக் கழித்தீர்கள், எப்போது, ஏன் என்று ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். யிவோவின் கோப்புகளைப் பார்க்க விரும்பினால் அவர்களின் இணையதளத்தில் வில்னா நிர்வாகப் பதிவுகளின் தொகுதியில், 1.1 என்ற எண்ணில், தேடுங்கள். இத்திஷ் தெரியாவிட்டாலும் ஆங்கில விவரக் குறிப்பை வைத்துக்கொண்டு சாம்லர்களின் கடிதங்கள் இருக்கும் உறைகளைக் கண்டுபிடித்துவிடலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்