வீடு வாங்கிய சில மாதங்களில் வரும் சப்ளிமென்டல் வரி பில்: லெண்டர் கட்டுவாரா, நாமே கட்ட வேண்டுமா?

கேள்வி: 2025 மார்ச் நடுவில் கலிபோர்னியாவின் சன்னிவேலில் 16 லட்சம் டாலருக்கு ஒரு பழைய வீடு வாங்கினோம். சொத்து வரிக்கான பணத்தை லெண்டர் (வீட்டுக் கடன் கொடுத்தவர்) மாதத் தவணையோடு சேர்த்து, எஸ்க்ரோ என்ற தனிக் கணக்கில் பிடித்துக்கொள்கிறார். ஆனாலும் சான்டா கிளாரா கவுண்டியிலிருந்து ‘சப்ளிமென்டல்’ என்று போட்டு இரண்டு பில்கள் எங்கள் பெயருக்கு வந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 15,000 டாலருக்குப் பக்கம். இதே அளவு வீடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வருடத்துக்கு அதில் பாதிகூடக் கட்டுவதில்லையாம். இது உண்மையான பில்தானா? லெண்டர் கட்டுவாரா? குறைக்க வழி உண்டா?

பதில்: நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால் பில் உண்மையானதுதான். கட்ட வேண்டியவர் நீங்கள். முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ‘எல்லாம் எஸ்க்ரோவில் போய்விடும்’ என்று இந்த பில்லை அப்படியே மேசையில் போட்டுவிட்டு, கடைசியில் அபராதத்தோடு கட்டும் குடும்பங்கள் நம்மவர்களில் நிறைய.

எஸ்க்ரோவில் மாதாமாதம் பிடிக்கும் பணம் வருடாந்திர வரி பில்லுக்கானது. சப்ளிமென்டல் பில்லை கவுண்டி வீட்டு உரிமையாளருக்குத்தான் அனுப்புகிறது, லெண்டருக்கு அனுப்புவதில்லை. நீங்கள் பில்லை அனுப்பிவைத்தால் சில லெண்டர்கள் கட்டித் தருவார்கள். ஆனால் அந்தத் தொகைக்கு எஸ்க்ரோவில் பற்றாக்குறை விழும், அடுத்த கணக்குப் பார்க்கும்போது உங்கள் மாதத் தவணை ஏறும். கையில் பணம் இருந்தால் நேரடியாகக் கட்டிவிடுவதே நல்லது.

சரி, இந்த பில் ஏன் வருகிறது? கலிபோர்னியாவில் வரி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அந்த ஆண்டுக்கான மதிப்பை, அதற்கு முந்தைய ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்து, சொத்துகளை மதிப்பிடும் கவுண்டியின் அசெசர் அலுவலகம் முடிவு செய்கிறது. 2025 ஜனவரி 1 அன்று அந்த வீடு விற்றவரிடம் இருந்தது. அதனால் 2025-26 வருடாந்திர பில்லும் அவருடைய பழைய மதிப்பின்படியே வரும். நீங்கள் வாங்கிய மாதத்திலிருந்து பழைய மதிப்புக்கும் புது மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கான வரியைத்தான் சப்ளிமென்டல் பில் வசூலிக்கிறது. முன்பெல்லாம் புது மதிப்பு அடுத்த வரி ஆண்டில்தான் அமலுக்கு வரும். 1983-ல் பள்ளிக் கல்விச் சீர்திருத்தத்துக்காக வந்த சட்டம்தான் அந்த இடைவெளியை அடைத்தது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விற்றவரின் பதிவு மதிப்பு 6 லட்சம், வரி விகிதம் 1.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 லட்சம், அதற்கு ஒரு முழு ஆண்டு வரி 12,000 டாலர். மார்ச்சில் வாங்கியதால் கணக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, அதாவது ஏப்ரல் 1-லிருந்து தொடங்குகிறது. ஏப்ரல், மே, ஜூன் என்று 2024-25-ல் மிச்சமிருந்தது மூன்று மாதம். கால் பங்கு, 3,000 டாலர். அது முதல் பில். 2025-26 முழு ஆண்டுக்கு 12,000 டாலர். அது இரண்டாவது பில். ஜனவரி 1-க்கும் மே 31-க்கும் இடையில் வாங்கும் எல்லோருக்கும் இப்படி இரண்டு பில் வரும். ஜூன் முதல் டிசம்பர் வரை வாங்குபவர்களுக்கு ஒன்றுதான்.

சப்ளிமென்டலைக் கட்டிவிட்டோமே என்று 2025-26 வருடாந்திர பில்லை விட்டுவிடாதீர்கள். ஒன்று பழைய மதிப்புக்கு, இன்னொன்று வித்தியாசத்துக்கு. இரண்டையும் கட்டியாக வேண்டும். 2026-27-லிருந்து முழு மதிப்பும் ஒரே வருடாந்திர பில்லில் வந்துவிடும். அதற்கேற்ப எஸ்க்ரோ தொகையும் கூடும், தயாராக இருங்கள். புதிதாகக் கட்டிய வீடு வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களின் முதல் வருடாந்திர பில் பெரும்பாலும் நிலத்துக்கு மட்டுமே இருக்கும். வரி குறைவு என்று மகிழ்ந்திருக்கும்போது கட்டடத்துக்கான சப்ளிமென்டல் பெரிய தொகையாக வந்து நிற்கும்.

அடுத்து, கடைசித் தேதி. பில் ஜூலை முதல் அக்டோபருக்குள் அனுப்பப்பட்டிருந்தால் முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவது தவணைக்கு ஏப்ரல் 10. நவம்பர் முதல் ஜூன் வரை அனுப்பப்பட்டிருந்தால், அனுப்பிய மாதத்துக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாள் முதல் தவணைக்கும், அதிலிருந்து நான்காவது மாதத்தின் கடைசி நாள் இரண்டாவதுக்கும் கெடு. உங்கள் இரண்டு பில்களுக்கும் தேதிகள் வேறுவேறாக இருக்கலாம், ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். ஒரு நாள் தவறினாலும் அந்தத் தவணையில் 10 சதவீதம் அபராதம். பில் கைக்கு வரவில்லை என்று சொன்னாலும் அபராதம் போகாது. கவுண்டியின் இணையதளத்தில் வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் கூடுதல் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டினால் சதவீதக் கணக்கில் கட்டணம் உண்டு. 12,000 டாலர் பில்லுக்கு அது சின்னத் தொகையாக இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. 1978-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் பிரேரணைதான் (Proposition 13) இதற்குக் காரணம். அடிப்படை வரி 1 சதவீதம், வாங்கியபோது இருந்த மதிப்பு வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம், கை மாறினாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டும் புது மதிப்பு. பில்லில் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பது பெரும்பாலும் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட பள்ளி, கல்லூரி, கவுண்டிக் கடன் பத்திரங்களுக்கானது. முப்பது வருடம் முன் வாங்கியவர் அன்றைய விலையை ஒட்டிக் கட்டுகிறார், நீங்கள் இன்றைய விலைக்குக் கட்டுகிறீர்கள். இது நியாயமா என்று லாஸ் ஏஞ்சலஸில் வீடு வாங்கிய ஒருவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 1992-ல் நீதிமன்றம் இந்த முறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. என் கருத்தில் இது இளம் குடும்பங்கள் மேல் விழும் பாரம்தான். ஆனால் அதைக் காரணம் காட்டி உங்கள் வரியைக் குறைக்க முடியாது.

குறைக்க என்ன வழி என்றால், முதலில் அசெசர் அனுப்பிய மதிப்பீட்டு நோட்டீஸை எடுத்து உங்கள் கொள்முதல் விலையோடு ஒப்பிடுங்கள். சந்தையில் வாங்கிய விலையே சரியான மதிப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்வதால், இரண்டும் ஒன்றாக இருந்தால் மேல்முறையீட்டில் பலன் கிடைப்பது அரிது. விலையைவிட அதிகமாகப் போட்டிருந்தாலோ, விலையில் ஃபர்னிச்சர் போன்றவை சேர்ந்திருந்தாலோ முதலில் அசெசர் அலுவலகத்தில் பேசுங்கள். பேசிக்கொண்டே 60 நாளைத் தாண்டிவிடாதீர்கள். நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டு மனுவைக் கவுண்டி மேற்பார்வையாளர் குழுவின் கிளார்க் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மனு நிலுவையில் இருந்தாலும் வரியைக் கட்டியே ஆக வேண்டும். ஜெயித்தால் பணம் திரும்ப வரும்.

அப்புறம், நீங்கள் குடியிருக்கும் வீடு என்பதால் வீட்டு உரிமையாளர் விலக்கு கேளுங்கள். மதிப்பில் 7,000 டாலர் கழியும், வருடத்துக்கு 70 டாலர் போல மிச்சமாகும். பிப்ரவரி 15-க்குள் படிவம் கொடுத்தால் அந்த ஆண்டுக்கு முழுப் பலன் கிடைக்கும். ஒரு முறை கொடுத்தால் போதும், அங்கே குடியிருக்கும் வரை தொடரும். கட்டிய சப்ளிமென்டல் வரியை, மற்ற சொத்து வரி போலவே, கட்டிய வருடத்தின் வருமான வரிக் கணக்கில் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கழிக்கலாம். ரசீதை உங்கள் கணக்காளரிடம் கொடுங்கள்.

மோசடியோ என்று நீங்கள் சந்தேகப்பட்டதும் நல்லதுதான். வீடு வாங்கியவர்களின் விவரம் பொதுப் பதிவில் இருப்பதால், அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு, ‘விலக்குப் படிவம் தாக்கல் செய்து தருகிறோம்’, ‘பத்திர நகல் வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்டுத் தனியார் கடிதங்கள் வரும். விலக்குப் படிவத்துக்கு கவுண்டியில் கட்டணமே கிடையாது. எந்த பில்லானாலும் அதிலுள்ள பார்சல் எண்ணை (உங்கள் மனையின் அடையாள எண்) கவுண்டி வரி வசூல் துறையின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அங்கே அதே தொகை தெரிந்தால் அங்கேயே கட்டிவிடுங்கள். தெரியாவிட்டால் கடிதத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, கவுண்டி இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.