வாசகர் கேள்வி: முதல் பிஸ்டல்

கேள்வி: மனு பாக்கர் பதக்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து, ஒன்பதாவது படிக்கும் என் பேத்தி பிஸ்டல் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எந்த கம்பெனி நல்லது? லைசென்ஸ் எடுக்கணுமா?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: கம்பெனி பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், ஆச்சி. தொடங்க வேண்டியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனிநபர் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். குழல் 4.5 மி.மீ. (கடையில் 177 என்பார்கள்), ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டாம். அடையாள அட்டை கொண்டுபோங்கள். போட்டி பிஸ்டலின் ஆற்றல் ஏறக்குறைய 6 ஜூல்தான்.

முதல் மூன்று மாதம் எதையும் வாங்காமல், ஒரு ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, இரவல் பிஸ்டலில் சுடட்டும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடி. குண்டு இல்லாத பிஸ்டலைப் பிடித்து, இலக்குப் பக்கம் கையை நீட்டி, கண்ணை மூடச் சொல்லுங்கள். ஐந்து விநாடி கழித்துக் கண்ணைத் திறந்தால், முன்குறி (குழல் நுனியில் உள்ள குறி), கண்ணுக்குப் பக்கம் உள்ள பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில், இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றாலோ தாழ்ந்திருந்தாலோ கைப்பிடியின் அளவோ கோணமோ சரியில்லை. மணிக்கட்டை வளைத்துச் சமாளித்தால் இருபதாவது குண்டுக்குள் கை தளர்ந்துவிடும். போட்டியில் 60 குண்டு! பிஸ்டலின் எடையே ஒரு கிலோவை ஒட்டி வரும். சிறுமிக்குக் குட்டைக் குழல் மாடல் மேல்.

அடுத்தது விசை, அதாவது விரலால் இழுக்கும் டிரிகர். போட்டி விதிப்படி அது குறைந்தது 500 கிராம் எடையைச் சுடாமல் தாங்க வேண்டும். 520-க்கு மேல் வைத்துக்கொண்டால் சோதனையில் சிக்கல் வராது. படத்தில் வருகிற மாதிரி இருக்கும் சிஓ2 (கரியமில வாயுவில் சுடும்) பிஸ்டலைத் தொடாதீர்கள். விசை கல் மாதிரி இருக்கும்; அதோடு வெயில் ஏற ஏற வாயு அழுத்தமும் ஏறும். காலையில் பட்ட இடத்தில் மத்தியானம் படாது. நம் ஊர் சித்திரைக்கு அது சரிப்படாது. வசதியிருந்தால் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் மாடல்: ஸ்டெயர், வால்தர், மொரினி, எதுவானாலும் பேத்தியின் கைக்குப் பொருந்துவதுதான் நல்லது. பழையது வாங்கினால் சிலிண்டரில் பொறித்த தேதியைப் படியுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் 10 வருஷம்தான் கெடு வைத்திருக்கின்றன. மலிவு விலையில் வருவதில் பாதி இந்தக் கதைதான்.

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் 10 மீட்டருக்கு மேலேயே நீளம் இருக்கிறது. அங்கே சுட்டுப் பழகலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: நீளம் போதும், சுவர்தான் பிரச்சினை. ஈயக் குண்டு கருங்கல் தூணில் பட்டால் தெறித்துத் திரும்பும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் பட்டால் சில்லு பெயரும். அதே பூச்சு பூச இப்போது கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. இலக்குக்குப் பின்னால் சாய்த்து வைத்த இரும்புத் தகடுள்ள, குண்டைப் பிடிக்கும் பெட்டி, அதற்கும் பின்னால் அகலமான கனத்த பலகை. இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். சுடுபவருக்கும் இலக்குக்கும் நடுவில் வந்து திறக்கும் கதவு எல்லாவற்றுக்கும் உள்ளிருந்து தாழ்ப்பாள். ஒரு கதவை விட்டுவிட்டாலும் சுடக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வளவு முற்றத்து வெயில் பக்கவாட்டில் விழுந்தால் முன்குறியின் ஒரு விளிம்பு மினுங்கும், குண்டு ஒதுங்கும். ஆத்தங்குடித் தரையின் பளபளப்பும் இதே வேலையைச் செய்யும். நிற்கிற இடத்தில் ஒரு ஜமுக்காளம் விரித்து, முற்றத்துப் பக்கம் திரை போட்டு, இலக்குக்கு மட்டும் தனி விளக்கு வையுங்கள் (போட்டிக்கு 1500 லக்ஸ்). சுட்டு முடித்ததும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈயத்தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

கேள்வி: நேராக .22 பிஸ்டலில் தொடங்கினால் என்ன?
- வாசகர், காரைக்குடி

பதில்: .22 வெடிமருந்துத் தோட்டாவில் சுடுவது. அதற்கு லைசென்ஸ் வேண்டும், 25 மீட்டர் மைதானம் வேண்டும். அதைவிட, அந்தச் சத்தத்திலும் உதைப்பிலும் நீங்கள் விசையை வெடுக்கென்று இழுப்பது உங்களுக்கே தெரியாது. ஏர் பிஸ்டலில் இலக்கு அட்டையின் நடுவில் உள்ள 10 புள்ளி வளையத்தின் குறுக்களவு 11.5 மி.மீ.தான், இழுத்த தப்பு அடுத்த நொடியே அட்டையில் தெரிந்துவிடும்.