நேரமே போதவில்லை, அம்மா

கேள்வி:

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 33 வயது. சுங்கை சிப்புட்டில் பெற்றோர், மனைவி, மூன்று வயது மகளுடன் இருக்கிறேன். கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் எழுதுகிறேன். மாதம் ஒரு முறை ரயில் ஏறிப் போய் வந்தால் போதும். கொடுத்து வைத்தவன் என்கிறார்கள். ஆனால் நேரமே போதவில்லை, அம்மா.

காலை ஒன்பது மணிக்கு உட்காருகிறேன். ஒன்பதே காலுக்கு "பசியாறிட்டியா?" என்று அம்மா கதவைத் தட்டுவார். பத்து மணிக்கு மீட்டிங். அது முடிந்து புரோகிராம் கோடைத் திறந்தால் ஸ்லாக் என்ற அலுவலகச் செய்தி ஆப்பில் யாராவது கூப்பிடுவார்கள். அப்புறம் மகள் அழுவாள். மறுபடி அம்மா தட்டுவார். புரோகிராமில் ஒரு பக், அதாவது பிழை, தேடும்போது பத்து விஷயங்களை ஒரே நேரத்தில் தலையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை கதவு தட்டினால் எல்லாம் கொட்டிப்போகும். இது வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. பொமோடோரோ முறைப்படி 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று இரண்டு வாரம் இருந்து பார்த்தேன். போனை அடுத்த அறையில் வைத்தேன். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். போன வாரம் அம்மா தேத்தண்ணியோடு மூன்றாவது முறை தட்டியபோது கத்திவிட்டேன். தேத்தண்ணியைக் கதவோரம் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் சொன்னதில் என்ன தவறு?

கருவிகளைக் குறை சொல்ல முடியாது. போன வருடம் கம்பெனி ஏஐ கருவி வாங்கிக் கொடுத்தது. முன்பு எனக்கு மூன்று நாள் பிடித்த வேலையை அது ஒரு மத்தியானத்தில் எழுதிவிடுகிறது. நான் வெள்ளிக்கிழமைதான் அனுப்புகிறேன். அது கிடக்கட்டும்.

அப்பா மட்டும்தான் தொல்லை தருவதில்லை. அவர் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது எனக்குப் பதினொரு வயது. நாலு மாதம் வாசலில் உட்கார்ந்திருந்தார், பிறகு ஜாகா (காவலாளி) வேலைக்குப் போனார். இப்போதும் நான் அறைக்குள் போவதை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் எனக்கு வேலையே ஓடாது.

இரவு மூன்று மணிவரை தூக்கம் வருவதில்லை. நல்ல அட்டவணை ஒன்று போட்டுத் தாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

அட்டவணை போட்டுத் தரப்போவதில்லை, மன்னியுங்கள். அம்மா கதவைத் தட்டியதை எத்தனை தடவை எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே ஓர் இடத்தில்தான் "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

மூன்று நாள் வேலை ஒரு மத்தியானத்தில் முடிகிறது, ஆனால் வெள்ளிக்கிழமைதான் அனுப்புகிறீர்கள். அப்படியானால் நடுவில் உள்ள நாட்களில் உங்களிடம் இருப்பது என்ன? நேரம், தம்பி. நிறைய நேரம். அதை யார் கண்ணிலும் படாமல் எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் தவிக்கிறீர்கள். நேரம் போதாமல் ஓடுகிற ஆளை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்று மனம் ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. அம்மா தட்டுவது அந்தக் கணக்குக்குத் தோதாக இருக்கிறது. அவர் தட்டாவிட்டால் அந்தக் காலி மத்தியானங்களுக்கு வேறு காரணம் தேட வேண்டிவரும்.

இடையூறு கவனத்தைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பங்கு பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைக் 'கவன எச்சம்' என்ற பொருளில் விளக்கினார். உங்கள் எச்சம் எங்கே தங்கியிருக்கிறது? ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஒருவரை இரவு மூன்று மணிவரை விழித்திருக்க வைக்காது.

பொமோடோரோ கைகொடுக்காததும் இதனால்தான். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980களின் இறுதியில், படிப்பில் மனம் ஒட்டாமல், தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய பழக்கம் அது. வேலையில் உட்கார முடியாதவருக்கு அது உதவும். முடித்த வேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன செய்யும்?

இனி அப்பா. என் அம்மாவும் பால் மரம் வெட்டியவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்விடுவார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். கத்தி ஒரு மெல்லிய சீவலைத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவு கைக்குத்தான் தெரியும். உங்கள் அப்பாவின் கைக்கும் தெரிந்திருக்கும். 1980களில் உலகிலேயே அதிக ரப்பர் எடுத்த நாடு நம் மலேசியா, அப்படிப்பட்ட கைகளால். பிறகு செம்பனையில் வருமானம் கூடுதல், ஆள் குறைவாக இருந்தால் போதும் என்று தோட்டம் தோட்டமாக மாற்றினார்கள். அப்பாவின் கை எந்தப் பிழையும் செய்யவில்லை. அப்படியும் அவர் வாசலில் உட்கார வேண்டிவந்தது.

பதினொரு வயதில் அதைப் பார்த்த பிள்ளை நீங்கள். இப்போது உங்கள் தோட்டத்திலும் மரம் மாற்றுகிறார்களோ என்று பயப்படுகிறீர்கள். தாழ்ப்பாள் போட்டது அம்மாவுக்காக என்று நினைக்கிறீர்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாமல் இருக்கவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பயம் வீண் என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். கருவி உங்கள் வேலையைத் தொடவே தொடாது என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் வெள்ளிக்கிழமைவரை ஒளித்துவைப்பது சரியில்லை. அது நிறுவனத்துக்குச் செய்யும் ஏமாற்று, உங்களுக்கும் தண்டனை. முடிந்த அன்றே அனுப்புங்கள். மிச்ச நேரத்தில், கருவி எழுதிய கோடை வரிவரியாகப் படித்து எங்கே உடையும் என்று பாருங்கள். பக் தேடுகிறவருக்கு அது தெரியாத வேலை இல்லை. டீம் லீடரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்தக் கருவி வந்தபிறகு என்னிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?" பதில் கசப்பாகவும் இருக்கலாம். உங்கள் அப்பாவுக்குக் கேட்கும் வாய்ப்பே இருந்திருக்காது, ஒரு நாள் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

தூக்கம் இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

"நான் சொன்னதில் என்ன தவறு?" என்று கேட்டிருந்தீர்கள். தவறுதான். அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். மீட்டிங் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மற்ற நேரத்தில் தாழ்ப்பாள் வேண்டாம்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அப்பாவோடு வாசலில் உட்காருங்கள். அந்த நாலு மாதம் எப்படிக் கழிந்தது, ஜாகா வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் என்ன நினைத்தார் என்று கேளுங்கள். அவர் வாழ்க்கை அந்த வாசலோடு முடிந்தது போலவே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் அவர் உங்களைப் படிக்க வைத்திருக்கிறார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.