வெங்காயம் வதங்கும் சத்தம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஐந்தாறு வருடமாகப் படிக்கிறேன். இதையெல்லாம் உங்களிடம் கேட்கலாமா என்று யோசித்தே இரண்டு வாரம் போய்விட்டது. மனைவிக்கு மாலை ஷிப்ட் வந்ததிலிருந்து இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. நான்கு மாதமாகச் செய்கிறேன், ஒருநாள்கூடப் பிடித்துச் செய்ததில்லை. ஆறரை மணிக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போதே எரிச்சல் வந்துவிடுகிறது. வீடியோவில் 5 நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகிறது. நான் செய்தால் பச்சையாக இருக்கிறது, இல்லாவிட்டால் கருகுகிறது. ஒன்றரை மணி நேரம் நின்று செய்வது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. சின்னவள் பாதி நாள் தட்டைத் தள்ளிவிடுகிறாள். இதை விரும்பிச் செய்ய முடியுமா? இல்லை, சிலருக்கு இது வரவே வராதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தயங்கியிருக்கவே வேண்டாம். வருடத்தில் 365 இரவும் செய்தாக வேண்டிய வேலை இது. அதை எரிச்சலோடு செய்வதா, நிம்மதியோடு செய்வதா என்பது பெரிய விஷயம்.

எனக்கு 38 வயதில்தான் சமையல் வந்தது. மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். முதல் மாதம் முழுக்க நானும் உங்களைப் போலத்தான் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றேன். நாள் முழுக்க வேலையில் எத்தனையோ முடிவெடுத்துக் களைத்துப்போய் வருகிற நேரம் அது. அந்த நேரத்தில் "இன்றைக்கு என்ன?" என்று புதிதாக ஒரு கேள்வி வந்தால் யாருக்கும் கோபம்தான் வரும். அந்தக் கேள்வியை மாலையிலிருந்து எடுத்துவிடுங்கள். விடுமுறை நாளில் வயிறு நிறைந்திருக்கும்போது உட்கார்ந்து, வாரத்துக்கு நான்கு ராத்திரிக்கு மட்டும் என்ன என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். மீதி மூன்று நாள், மிச்சம் இருப்பதை வைத்து ஓட்டலாம். நான்கும் புதிதாக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் புதிதாக இல்லாததே நல்லது.

சரி, அந்த வெங்காயத்துக்கு வருவோம். உங்கள் மேல் தப்பே இல்லை. 5 நிமிடம் என்று சொன்னவர்கள் நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வெங்காயத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 89 கிராம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. நிறம் மாறுவதோ 140 டிகிரி பக்கம் போனால்தான் வேகம் பிடிக்கும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் இந்த வினையை 1912-ல் விவரித்தவர் மயார் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர். ஆக, முதலில் தண்ணீர் போயாக வேண்டும். மிதமான தீயில் பொன்னிறத்துக்கே கால் மணி நேரம் ஆகும். நல்ல பழுப்பாக வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம்கூடப் பிடிக்கும். பொறுமை போய்த் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் பச்சையாகவே நிற்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இதைப் புத்தி தெரிந்துகொண்டால் போதாது, காது தெரிந்துகொள்ள வேண்டும். வெங்காயத்தைப் போட்டதும் சளசளவென்று ஈரமான சத்தம் வரும். ஆவி மேலே வரும், மூக்கில் நெடி ஏறும். சிட்டிகை உப்பைப் போட்டு அவ்வப்போது கிளறிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடம் போல ஆனதும் சளசளப்பு அடங்கி, மெல்லிசாகப் பொரிகிற சத்தம் தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். நெடி போய் இனிப்பு வாசனை வரும், ஓரங்களில் நிறம் ஏறும். பூண்டை அப்போதுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் வெங்காயம் சிவப்பதற்குள் அது கருகிக் கசந்துவிடும்.

அந்தச் சத்தம் மாறுவதை முதன்முதலாகக் கவனித்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். இருபது நிமிடம் ஒரே பாத்திரத்தின் முன்னால் நின்றிருக்கிறேன், எரிச்சல் வரவில்லை. அதற்கு முன்பெல்லாம் சமையலைச் சீக்கிரம் முடித்துத் தள்ளவே பார்த்தேன். அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சுவை சப்பென்று இருந்தால் உப்புக்கு முன்னால் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பார்க்கத் தோன்றியது. சமைத்து முடித்த பிறகு இல்லாமல் நடுவில் மூன்று தடவையாவது ருசி பார்க்கப் பழகினேன்.

சின்னவள் தட்டைத் தள்ளுவது மனதைப் புண்படுத்தும், தெரியும். ஆனால் குழந்தைகள் புது உணவை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து முறைகூட அது தட்டில் வர வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாம் மூன்றாவது முறையிலேயே மனம் விட்டுவிடுகிறோம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொடுத்தார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பாடு. இதைக் கடைப்பிடித்த பிறகு எங்கள் மேஜையில் கெஞ்சலும் அதட்டலும் நின்றது. அவளுக்குப் பிடித்த ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு வரும். தினமும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். எனக்கே சில ராத்திரி அவித்த முட்டையோடு முடிந்துவிடும், அதுவும் சாப்பாடுதான். அடுத்த இரண்டு வாரத்துக்கு வெங்காயத்தில் தொடங்கும் ஒரே ஒரு உணவை எடுத்துக்கொண்டு ஆறு தடவை செய்யுங்கள். சின்னவளையும் கூப்பிட்டு அடுப்பிலிருந்து தள்ளி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, சத்தம் எப்போது மாறுகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது பையனின் வேலை. கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "அப்பா, மாறிடுச்சு" என்று குரல் கொடுப்பான். நான் பூண்டைப் போடுவேன்.

அன்புடன்.